செயலிக்கு முன் நோட்டுப் புத்தகம்

அன்புத் தம்பிக்கு,

பீடோங் பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கு மாற்றலாகிப் போனதையும், நான்காம் ஆண்டுக் கணிதம் உன் பொறுப்பில் வந்திருப்பதையும் எழுதியிருந்தாய். வகுப்பில் பயன்படுத்த நல்ல செயலிகளின் பட்டியல் ஒன்று வேண்டும் என்றும் கேட்டிருந்தாய். கஹூட், வேர்ட்வால், கான் அகாடமி, ஜியோஜீப்ரா என்று பத்துப் பெயரை எழுதி அனுப்ப எனக்குக் கால்மணி நேரம் போதும். ஆனால் அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு நீ என்ன செய்வாய் என்பதுதான் என் கவலை. எந்தச் செயலி வேண்டும் என்பதை உன் பிள்ளைகள் செய்யும் பிழைகள்தாம் முடிவு செய்ய வேண்டும். இதை ஏன் இவ்வளவு அழுத்தமாகச் சொல்கிறேன் என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

402இலிருந்து 178ஐக் கழிக்கச் சொல்கிறோம். ஒரு பிள்ளை 376 என்று எழுதுகிறது. சரியான விடை 224. திரையில் விடையைத் தட்டினால் சிவப்புக் குறி வரும், அடுத்த கேள்வி வரும். நோட்டைப் பார்க்கும் ஆசிரியருக்கோ வேறொன்று தெரியும். 8இலிருந்து 2, 7இலிருந்து 0, 4இலிருந்து 1 என்று ஒவ்வோர் இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறது அந்தப் பிள்ளை. மேலே இருப்பது எது, கீழே இருப்பது எது என்று பார்க்கவே இல்லை. கவனக்குறைவு என்று இதைத் தள்ளிவிட முடியாது. அது தானே வகுத்துக்கொண்ட ஒரு விதியை மூன்று இடத்திலும் மாறாமல் கடைப்பிடித்திருக்கிறது. அமெரிக்காவில் ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இருவர் 1978இலேயே கழித்தலில் பிள்ளைகள் செய்யும் இத்தகைய பிழைகளை ஆராய்ந்து, இவற்றில் பல ஒழுங்கான தவறான முறைகளிலிருந்து பிறப்பவை என்று காட்டினார்கள். அந்த முறையைக் கண்டுபிடிக்காமல் இன்னும் இருபது கழித்தல் கணக்கு கொடுத்தால், இருபது தடவையும் அதே தவறான முறையைத்தான் பிள்ளை பயிற்சி செய்யும். பயிற்சித் தாள் தருவதும் செயலி தருவதும் இந்த விஷயத்தில் ஒன்றே. செயலியில் நட்சத்திரமும் ஓசையும் கூடுதலாக இருக்கும், அவ்வளவுதான்.

ஆகவே கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் பார்ப்பது, பிள்ளை எப்படி நினைத்தது என்பதை அது எனக்குக் காட்டுகிறதா என்பதைத்தான். இல்லாவிட்டால், நான் கரும்பலகையில் காட்ட முடியாத ஒன்றையாவது அது பிள்ளைக்குக் காட்ட வேண்டும். இரண்டுமே இல்லை என்றால் அதை வகுப்புக்குள் கொண்டுவர வலுவான காரணம் வேறு இருக்க வேண்டும்.

கணினியைக் கொடுத்துவிட்டாலே கணிதம் வந்துவிடும் என்ற நம்பிக்கை உலகத்தின் பல மூலைகளில் சோதித்துப் பார்க்கப்பட்டிருக்கிறது. பெரு நாட்டில் கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி என்று கொடுத்தார்கள். 15 மாதத்துக்குப் பின் அளந்து பார்த்தபோது கணிதத்திலும் மொழியிலும் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை. பள்ளிக் கணினிகளுக்குப் பெரும்பணம் செலவிட்ட நாடுகளின் பீசா (அனைத்துலக மாணவர் மதிப்பீடு) மதிப்பெண்ணில் அதற்கேற்ற உயர்வு காணப்படவில்லை என்று ஓஇசிடி அமைப்பு 2015இல் எழுதியது. நம் நாட்டுக் கணக்கும் உனக்குத் தெரிந்ததுதான். பீசா கணிதத்தில் 2018இல் 440 எடுத்த மலேசியா 2022இல் 409க்கு இறங்கியது. இடையில் கொரோனா வந்து பள்ளிகளைப் பூட்டியது, ஆகவே பழியைத் திரையின் மேல் மட்டும் போடுவது நியாயமில்லை. ஆனால் கல்வி அமைச்சின் டெலிமா இணையத் தளமும் இணைய வகுப்பும் வந்த அதே ஆண்டுகள்தாம் அவை என்பதையும் மறக்க வேண்டாம்.

எதிர்ப்பக்கத்துச் சான்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது வலுவானது. டெல்லியில் மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருளை வைத்துப் பள்ளி முடிந்தபின் நடந்த வகுப்புகளை கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், அலெஹாந்த்ரோ கனிமியான் ஆகியோர் ஆராய்ந்தார்கள். நாலரை மாதத்தில் கணிதத்தில் பெரிய முன்னேற்றம். 2019இல் வெளியான அந்த ஆய்வைக் காட்டி, செயலி வேலை செய்கிறது என்று பலர் பேசுவார்கள். உண்மைதான், வேலை செய்தது. ஆனால் எதனால் என்று பார்க்க வேண்டும். ஆறாம் வகுப்பில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் கணிதத்தில் இரண்டு மூன்று வகுப்பு பின்தங்கியிருந்தார்கள். மென்பொருள் ஒவ்வொரு பிள்ளையும் நிற்கும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து கணக்கு கொடுத்தது. ஒவ்வொரு நாளும் பாதி நேரம்தான் திரை, மீதி நேரம் சிறு குழுவாக ஓர் உதவியாசிரியரிடம் பாடம். தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலைக்கேற்பப் பிரித்துக் கற்பிக்கிறார்கள். பாடநூலின் பக்க எண்ணை விட்டுவிட்டுப் பிள்ளை நிற்கும் படியிலிருந்து தொடங்குவதுதான் இரண்டுக்கும் பொது.

இதை உன் கெடா மாநிலத்துக்குப் பொருத்திப் பார். சுங்கை பட்டாணி, கூலிம் பட்டணத்துப் பள்ளிகளில் முப்பது முப்பத்தைந்து பேர் உட்காரும் வகுப்பில், ஒவ்வொருவர் நிலையையும் தனியாகப் பிடிக்க ஆசிரியருக்கு நேரம் போதாது. அங்கே நிலையறிந்து கணக்கு தரும் மென்பொருள் உண்மையான உதவி. உன் பள்ளியின் கதை வேறு. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, பால்மரம் போய்ச் செம்பனை வந்து, குடும்பங்கள் பட்டணத்துக்குப் பெயர்ந்தபின், 150 பிள்ளைகளுக்கும் குறைவான பள்ளிகள் நம் தமிழ்ப்பள்ளிகளில் ஏராளம். குறைந்த மாணவர் பள்ளி என்று அதற்கு ஒரு பெயரும் வைத்துவிட்டார்கள், அது ஒரு நோய்போல. கணித ஆசிரியருக்கு அது ஒரு பெரிய வாய்ப்பு என்று நான் சொல்வேன். வகுப்பில் ஒன்பது பேர் இருந்தால் ஒன்பது நோட்டையும் அன்றன்றே பார்த்துவிடலாம். பெரிய நிறுவனங்கள் பணம் வாங்கிக்கொண்டு விற்கும் ‘ஒவ்வொரு மாணவருக்கும் தனி அறிக்கை’ உன் மேசையில் இலவசமாகக் கிடக்கிறது. திரை உனக்குக் கை கொடுப்பது வேறோர் இடத்தில். இரண்டு ஆண்டு வகுப்புகளை ஒரே அறையில் சேர்த்து நடத்தும் நிலை வந்தால், ஒரு குழுவுக்கு நீ பாடம் நடத்தும்போது மற்றக் குழு தானாகச் செய்ய ஒரு வேலை வேண்டும். நான் சொன்ன வலுவான காரணம் அதுதான். அப்போது தட்டைக் கணினியைத் தயங்காமல் எடு.

கரும்பலகையால் முடியாததைக் காட்டும் கருவிக்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். 0.45, 0.5 இரண்டில் எது பெரியது என்று கேட்டால், 45தான் 5ஐவிடப் பெரியது என்று 0.45ஐக் காட்டும் பிள்ளைகள் எல்லா நாட்டிலும் உண்டு. நம் பிள்ளைகளுக்கு இதில் இன்னொரு சிக்கல். பணத்தில் அவர்கள் எப்போதும் இரண்டு தசம இடத்தையே பார்க்கிறார்கள். கடையில் 50 சென் என்பது 0.50 என்றுதான் எழுதியிருக்கும், 0.5 என்று எவரும் எழுதுவதில்லை. ஜியோஜீப்ராவில் ஓர் எண்கோட்டைத் திறந்து, 0க்கும் 1க்கும் நடுவே விரலால் விரித்துக்கொண்டே போ. 0.4க்கும் 0.5க்கும் இடையே புதிதாகப் பத்துப் பிரிவு தோன்றும், 0.45 அதன் நடுவில் வந்து நிற்கும். இன்னும் விரித்தால் இன்னும் பத்து. எண்களுக்கிடையே இடம் தீர்ந்துபோவதே இல்லை என்பதைச் சுண்ணக்கட்டியால் இப்படிக் காட்ட முடியாது. இதற்கு ஒரே ஒரு கணினியும் ஒரு படவீழ்த்தியும் போதும். ஜியோஜீப்ரா இலவசம், நிறுவிவிட்டால் இணையமும் தேவையில்லை. கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் தளத்தில் உள்ள பின்ன, பரப்பளவு விளையாட்டுகளையும் ஒரு தடவை இறக்கி வைத்துக்கொண்டால் தோட்டத்தில் அலைவரிசை படுத்துவிட்ட நாளிலும் ஓடும். அடுத்த நாள் பேரங்காடி ரசீதுகளைக் கொண்டுவரச் சொல். 2008 ஏப்ரலில் ஒரு சென் நாணயம் புழக்கத்திலிருந்து விலகியதிலிருந்து மொத்தத் தொகையை அருகிலுள்ள 5 சென்னுக்குக் கிட்டிய மதிப்பாக்குகிறார்கள் அல்லவா, அந்தக் கடைசி வரியை வைத்தே ஒரு பாடம் நடத்தலாம். அதற்கு மின்சாரம்கூட வேண்டாம்.

பிள்ளைகள் ஆர்வமாக இருக்கிறார்களே, கஹூட் போட்டால் வகுப்பே துள்ளுகிறதே என்பாய். ஆர்வம் சிறிய விஷயமில்லை, அதை நான் மதிக்கிறேன். ஆனால் அங்கே விரைவாகத் தட்டுகிறவருக்குத்தான் அதிகப் புள்ளி. வாய்பாடு போன்ற, யோசிக்காமல் நாவில் வர வேண்டியவற்றுக்கு அது பொருந்தும், பாடத்தின் கடைசி ஐந்து நிமிடத்துக்குத் தாராளமாகப் பயன்படுத்து. பின்னத்தையோ பிரச்சனைக் கணக்கையோ அதில் போட்டால், நிதானமாக யோசிக்கும் பிள்ளை ஒவ்வொரு சுற்றிலும் கடைசிக்குத் தள்ளப்படும். கணிதம் என்றால் வேகம், நமக்கு அது வராது என்று பத்து வயதிலேயே முடிவு செய்துவிடும் பிள்ளையைப் பிறகு மீட்பது கடினம். அந்த ஒரு பிள்ளைக்காக மற்றவர்களின் துள்ளலைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வது தவறாகாது.

அதிகாரிகள் கேட்பார்களே என்ற கேள்வியும் உண்டு. கேட்பார்கள், பதிலும் சொல்ல வேண்டும். ஆனால் நாட்டின் அனுபவத்தை நினைவில் வை. 10,000 பள்ளிகளை இணைக்க 2011இல் கையெழுத்தான 1பெஸ்தாரிநெட் திட்டத்தோடு ஃபிராக் என்ற இணையக் கற்றல் தளம் வந்தது. அதன் பயன்பாடு மிகக் குறைவு என்று தலைமைக் கணக்காய்வாளரின் 2013 அறிக்கையே சுட்டியது. 2019 நடுவில் கல்வி அமைச்சு கூகுள் வகுப்பறைக்கு மாறியது, அடுத்த ஆண்டு டெலிமா வந்தது. ஆசிரியர்கள் பலர் நம்பியிருந்த ஜாம்போர்டு என்ற மின்வெண்பலகையை கூகுள் 2024 முடிவில் மூடிவிட்டது. வினாடி வினாத் தளமான குவிசிஸ் 2025இல் பெயரையே மாற்றிக்கொண்டது. ஒவ்வொரு மாற்றத்திலும் ஆசிரியர் உழைத்துச் சேர்த்த பாடங்கள் பாழாகின்றன. அதனால்தான் ஓர் ஆண்டுக்கு ஒன்றிரண்டு கருவிக்கு மேல் எடுக்காதே என்கிறேன், நீ செய்தவற்றைத் தாளிலோ சாதாரணக் கோப்பிலோ பிரதி எடுத்து வை என்றும் சொல்கிறேன். ஆறாம் ஆண்டுத் தேர்வான யூபிஎஸ்ஆர் 2021இல் ஒழிந்தபின் வகுப்பறை மதிப்பீட்டில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆறு அடைவுநிலைகளில் ஒன்றைத் தர வேண்டியவன் நீதான். வழிமுறையோடு எழுதிய ஒரு நோட்டுப் பக்கம் அதற்கு நல்ல சான்று. நாலு விடைகளில் ஒன்றைத் தட்டியதன் புள்ளிகளிலிருந்து அதைக் கண்டறிய முடியாது. இதை மாவட்டக் கல்வி இலாகாவில் மரியாதையோடு விளக்கினால் கேட்டுக்கொள்வார்கள் என்றே நம்புகிறேன்.

மொழியைப் பற்றி ஒரு சொல். நல்ல செயலிகளில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் இருக்கின்றன. இடைநிலைப் பள்ளியில் எப்படியும் மலாயிலோ ஆங்கிலத்திலோ படிக்கப் போகிறார்கள், இப்போதே பழகட்டுமே என்று பெற்றோர் சொல்வார்கள். 2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்துக்கு மாறிப் பிறகு திரும்பிய வரலாற்றை நம் ஆசிரியர்கள் வாழ்ந்தே பார்த்தவர்கள். என் நிலைப்பாடு இதுதான். கருத்து புதிதாக நுழையும்போது பிள்ளை நினைக்கும் மொழியில் நுழையட்டும், தெரிந்த கருத்துக்குப் பிறமொழிச் சொல்லை ஏற்றுவது பிறகு எளிது. ஆகவே எழுத்து குறைவாகவும் உருவம் அதிகமாகவும் உள்ள கருவியைத் தேடு, பேச்சை நீ தமிழில் நடத்து. தமிழ்நாட்டு அரசின் மணற்கேணி செயலியில் தமிழ்க் காணொலிகள் உள்ளன. ஆனால் அது அவர்கள் பாடத்திட்டத்துக்கு எழுதியது, பணமும் ரூபாய்தான். முதலில் நீ பார்த்து, பொருந்தும் துண்டை மட்டும் எடுத்துக்கொள்.

வீட்டுப்பாடத்துக்குச் செயலி வேண்டாம். நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில், 2020இல், கல்வி அமைச்சு எடுத்த கணக்கில் 36.9 விழுக்காட்டு மாணவரிடம் எந்த மின்னியல் சாதனமும் இல்லை. அதற்குப் பின் நிலைமை தேறியிருக்கும். ஆனாலும் பல வீடுகளில் கைப்பேசி ஒன்றுதான், அது அப்பாவோடு வேலைக்குப் போய் அந்தியில்தான் திரும்பும், மூன்று பிள்ளைகளும் அதற்குக் காத்திருப்பார்கள். டேட்டா தீர்ந்ததால் வேலை முடிக்காத பிள்ளையை மறுநாள் எழுப்பி நிறுத்திக் கேட்கும் நிலை உன் வகுப்பில் வரக்கூடாது. வீட்டுக்குத் தாளையே அனுப்பு.

பெற்றோர் ஆசிரியர் சங்கம் பணம் திரட்டித் தரத் தயார் என்று எழுதியிருந்தாய். சந்தா வாங்கச் சொல்லி விற்பனையாளர் பள்ளிக்கு வரும் நாளில், சங்கத் தலைவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள். விற்பனையாளர் கொண்டுவந்த மாதிரிக் கணக்குகளை ஓட்ட விடாதே. 402 கழித்தல் 178ஐ நீயே கேட்டு, விடையாக 376ஐத் தட்டு. அந்தப் பிழையை அது பெயர் சொல்லிப் பிடிக்கிறதா, அதற்கேற்ற அடுத்த கணக்கைத் தருகிறதா, குறைந்தபட்சம் பிள்ளை என்ன எழுதியது என்பதை உனக்குச் சேமித்தாவது வைக்கிறதா என்று பார். பிறகு கம்பியில்லா இணையத்தை அணைத்துவிட்டு மறுபடி திறக்கச் சொல். இரண்டாம் ஆண்டுச் சந்தா எவ்வளவு என்று எழுத்தில் கேள். தேறவில்லை என்றால் அந்தப் பணத்தில் பத்தடிமானக் கட்டைகளும் பின்ன வட்டுகளும் ஒரு நல்ல படவீழ்த்தியும் வாங்கிவிடலாம், தலைவரிடம் அந்த விலைப்பட்டியலையும் அன்றைக்கே கொடுத்து வை.

அன்புடன்,
அக்கா