துல்லியமற்ற திகதிக்கு எந்தத் தரவுவகை?

வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி அம்மாள் என்னும் பாய்க்கப்பல், அமெரிக்கரான வில்லியம் அல்பேட் றொபின்சனால் வாங்கப்பட்டு, ஃபுளோரன்ஸ் சி. றொபின்சன் என்னும் புதுப்பெயருடன் 1938 ஓகஸ்டில் மசாசூசெற்ஸ் மாநிலத்தின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. இத்தகைய கப்பல்களின் வரலாற்றைத் தரவுத்தளமாக்க முனைவோருக்கு முதலில் சிக்கல் தருவது திகதியே. ஒரு நிகழ்வுக்கு நாளும், இன்னொன்றுக்கு மாதமும் தெரிந்திருக்க, மற்றொன்றுக்கு ஆண்டு மட்டுமே எஞ்சியிருக்கும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் ‘டேட்’ வகையோ நாளில்லாத திகதியை ஏற்பதில்லை. ஆதலால் ‘1938’ என்று மட்டும் உள்ள குறிப்பு 1938-01-01 என எழுதப்பட்டு, மூலத்தில் இல்லாத துல்லியம் பதிவேட்டுக்குள் நுழைந்துவிடுகிறது. பின்னாளில் அதை வாசிக்கும் ஆய்வாளருக்கு அது பொய் என்று அறிய வழியே இல்லை.

இதற்கு மாற்றாகத் தரவுத்தள மட்டத்தில் இரண்டு வழிகள் உண்டு. திகதியை எழுத்துச்சரமாகவே வைத்து, ஐஎஸ்ஓ 8601-2:2019 தரம் வகுத்த முறையில், ஏறத்தாழ என்பதற்கு ‘1938~’ என்றும், 1930களில் ஏதோ ஓர் ஆண்டு என்பதற்கு ‘193X’ என்றும் குறிப்பது முதலாவது. ஐயத்தை இது செம்மையாகப் பேணினாலும், தரவுத்தளத்துக்கு அது வெறும் எழுத்தே என்பதால், இரண்டாம் உலகப் போருக்கு முன் கட்டப்பட்ட கப்பல்கள் எவை என்னும் வினாவுக்கு நேரடியாக விடை கிடைப்பதில்லை. போஸ்ட்கிரெஸ் 9.2 பதிப்பில், 2012இல், அறிமுகமான ‘டேட்ரேஞ்ச்’ என்னும் திகதி வீச்சு வகை இரண்டாவது. தொடக்கத்தையும் முடிவையும் ஒரே மதிப்பாக வைத்திருக்கும் இவ்வகையில், இரண்டு வீச்சுகள் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றனவா, ஒரு நாள் வீச்சுக்குள் அடங்குகிறதா என்பவற்றை வினவலிலேயே கேட்கலாம்.

கப்பற் பதிவேட்டுக்கு உகந்தது வீச்சே; எனினும் மூல ஏட்டின் சொற்களையும் அருகில் ஒரு தனி நிரலில் காப்பது கட்டாயம். ஏட்டில் ‘வெகுதானிய வருடம்’ என்று இருந்தால், அறுபதாண்டுச் சுழற்சியில் அப்பெயர் 1878, 1938, 1998 ஆகிய மூன்றுக்கும் பொருந்தும் என்பதால், 1938 ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்து மறு ஏப்ரல் வரை எனக் கொள்வது பட்டியலாளரின் தீர்ப்பு மட்டுமே. அத்தீர்ப்பு பிழையானால் திருத்துவதற்கு மூலச்சொல் வேண்டும்.

அடுத்தது வினவல் நிரலகம், அதாவது செயலிக்கும் தரவுத்தளத்துக்கும் இடையே நின்று வினவல்களை ஆக்கித்தரும் ஆயத்த நிரற்றொகுப்பு. பைதன் மொழிக்கான திறமூல நிரலகமான எஸ்கியூஎல்அல்கெமியில் புதிய வகையைச் சேர்க்கப் பல வாயில்கள் உள்ளன. அதற்கு ஏற்கெனவே தெரிந்த வகையின்மேல் ஓர் உறை போர்த்தி, உள்ளே செல்லும் மதிப்பையும் வெளியே வரும் மதிப்பையும் மாற்றும் ‘டைப்டெக்கரேட்டர்’ பெரும்பாலான பணிகளுக்குப் போதுமானது. வீச்சுகளை ஒப்பிடும் செயற்குறிகள் அடிப்படை வகையிலிருந்தே வந்துவிடுவதால், நிரலாளர் அவற்றைத் திரும்ப எழுத வேண்டியதில்லை. ‘யூசர்டிஃபைன்ட்டைப்’ வெறுமையிலிருந்து தொடங்குவதால் அவ்வகைக்கே உரிய ஒப்பீட்டு விதிகளையும் நிரலாளரே எழுதவேண்டும். தரவுத்தளத்தில் இருந்தும் நிரலகம் அறியாத வகைக்கே அது தகும். புவியியல் ஆள்கூறுகளுக்கான ஜியோஅல்கெமி2 போலத் தனிப்பொதியாக வெளியிடுவது, ஒன்றுக்கு மேற்பட்ட ஆவணகங்களுக்கு அதே தேவை எழும்போது பொருத்தமானது. நிரலகத்தின் கருவிலேயே சேர்க்கக் கோருவது தமிழ் ஆண்டு போன்ற சிறப்புத் தேவைக்கு உரியதன்று. பராமரிப்புச் சுமையை அதனால் பயன்பெறாதவர் தலையில் ஏற்றுவதாகவே அது முடியும்.

டைப்டெக்கரேட்டரைத் தேர்வோர் கவனிக்கவேண்டியவை சில உள்ளன. ஒப்பிடப்படும் மதிப்பும் அதே வகையினதே என்று நிரலகம் இயல்பாகக் கொள்வதால், ‘இந்த வீச்சுக்குள் இந்த நாள் உண்டா’ என்று வினவும்போது தனி நாளும் உறையின் மாற்றியை வந்தடையும். அங்கு அதை ஏற்கும் கிளை இருக்கவேண்டும், அல்லது அதை எந்த வகையாகக் கொள்வது என்று தனியே வரையறுக்கவேண்டும்; இல்லையேல் வினவல் முறியும். மதிப்பற்ற நிலையும் அதே மாற்றிக்கு வரும். 1.4 பதிப்பு முதல், வினவலை நினைவில் வைத்து மீளப் பயன்படுத்தலாமா என்பதை ‘கேஷ்_ஓகே’ என்னும் பண்பால் வகை தானே அறிவிக்கவேண்டும். அறிவிக்காவிடில் எச்சரிக்கை எழுவதோடு அவ்வினவல் மீளப் பயன்படுத்தப்படாமலும் போகும்.

இன்னொன்று, 1938 ஜனவரி 1 முதல் டிசெம்பர் 31 வரை என இரு முனைகளையும் உள்ளடக்கி எழுதிய வீச்சை, போஸ்ட்கிரெஸ் 1939 ஜனவரி 1ஐ உள்ளடக்காத மேல் எல்லையாகக் கொண்ட வீச்சாக மாற்றியே திருப்பித் தரும். இரண்டும் ஒரே காலமாயினும், மேல் எல்லையை அப்படியே திரையில் காட்டினால், 1938ஆம் ஆண்டுக் கப்பல் 1939 வரை கட்டப்பட்டதாக வாசகர் எண்ணுவார். ஆகவே வெளிவரும் மாற்றியில் ஒரு நாளைக் கழித்துக் காட்டுவதும், அதை மீளச் சேமிக்கும்போது எல்லை நகராதிருப்பதைச் சோதனை நிரலால் உறுதிசெய்வதும் தரவேற்றம் தொடங்கும் முன்பே முடியவேண்டிய வேலைகள்.