நீலப் பட்டையில் மஞ்சள் எழுத்து

கேள்வி: எங்கள் வீட்டில் டாஸ் கணினி ஒன்று இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதிலுள்ள கியூபேசிக்கில் பழவேற்காடு ஏரியின் படத்தை வரைந்திருக்கிறேன். பாடு வழக்கப்படி மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய பெயர்களை அதில் நீலப் பட்டையின் மேல் மஞ்சள் எழுத்தில் காட்ட ஆசை. படம் இல்லாத வெறும் எழுத்துத் திரையில் ‘கலர் 14, 1’ என்று கொடுத்தால் சரியாக வருகிறது. ‘ஸ்கிரீன் 12’ போட்டுப் படம் வரைந்தபின் அதையே கொடுத்தால் ‘இல்லீகல் ஃபங்ஷன் கால்’ என்று நின்றுவிடுகிறது. ‘ஸ்கிரீன் 9’-ல் பிழை வரவில்லை, ஆனால் ஏரி, கரை, வானம் எல்லாமே நீலமாகிவிடுகிறது. பட்டையை முதலில் வரைந்து அதன்மேல் எழுதினாலும் எழுத்தைச் சுற்றிக் கறுப்புக் கட்டம் விழுகிறது. கிராபிக்ஸில் எழுத்துக்குப் பின்னணி நிறம் தரும் சக்தி அந்தக் காலக் கணினிக்குக் கிடையாது என்கிறார் நண்பர். உண்மையா?

– வாசகர், பொன்னேரி வட்டம்

பதில்: ஒரே கட்டளை, மூன்று திரை, மூன்று விதமான விளைவு. மூன்றையும் நீங்களே போட்டுப் பார்த்து எழுதியிருக்கிறீர்கள் ஐயா, அதனால் எனக்குப் பாதி வேலை மிச்சம். விடையும் அந்த மூன்றுக்குள்ளேதான் இருக்கிறது.

நண்பர் சொல்வதைப் பலரும் சொல்வார்கள். அது சரியல்ல. ஸ்கிரீன் 12 என்பது 1987-ல் ஐபிஎம் கொண்டுவந்த விஜிஏ அட்டையின் 16 நிறத் திரை. நீலமும் மஞ்சளும் அதில் ஒரே நேரத்தில் தோன்றும். ஏரியை நீலத்தில் நிரப்பியபோது அதை நீங்களே கண்டிருப்பீர்கள். பட்டைக்கு வேண்டிய நிறமும் எழுத்துக்கு வேண்டிய நிறமும் திரையில் இருக்கும்போது சக்தி போதவில்லை என்று சொல்ல இடமில்லை.

இன்னொரு சான்றும் உண்டு. 1984-ல் மத்திய அரசு பள்ளிகளுக்காகத் தொடங்கிய ‘கிளாஸ்’ திட்டத்தில் வந்து இறங்கியவை பிபிசி மைக்ரோ கணினிகள். இங்கிலாந்தில் 1981-ல் வெளியான அந்தச் சிறிய பெட்டி, உங்களுடைய கணினியைவிட எல்லா வகையிலும் எளியது. அதன் பேசிக்கில் நிற எண்ணோடு 128-ஐக் கூட்டிக் கொடுத்தால் போதும், அது எழுத்தின் பின்னணி நிறமாகிவிடும். ‘கலர் 129’ என்றால் சிவப்புப் பின்னணி. படம் வரையும் திரையிலும் இது வேலை செய்தது. ஆக, உங்கள் கியூபேசிக்கில் இது வராததற்குக் காரணம் இயந்திரத்தின் ஏலாமை அல்ல, அதைச் செய்தவர்கள் எடுத்த ஒரு முடிவு. அது என்ன முடிவு என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

வெறும் எழுத்துத் திரையிலிருந்து தொடங்குவோம். அங்கே கணினிக்குப் புள்ளிகளைப் பற்றிய கவலையே இல்லை. 80 பத்தி, 25 வரி, மொத்தம் 2000 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் நினைவகத்தில் இரண்டு பைட். பைட் என்பது எட்டு பிட் கொண்ட ஓர் இடம், பிட் என்பது 0 அல்லது 1 மட்டுமே நிற்கக்கூடிய மிகச் சிறிய இடம். முதல் பைட்டில் எந்த எழுத்து என்பதற்கான எண் இருக்கும். இரண்டாவது பைட் முழுக்க நிறத்துக்கு. அதில் நான்கு பிட் எழுத்தின் நிறத்துக்கு, மூன்று பிட் பின்னணிக்கு, மீதி ஒரு பிட் எழுத்து மின்னி மின்னி எரிய வேண்டுமா என்பதற்கு. நான்கு பிட்டில் 16 நிறம் அடங்கும், மூன்று பிட்டில் எட்டுதான் அடங்கும். இந்தத் திரையில் பின்னணிக்கு 0 முதல் 7 வரை மட்டுமே கிடைப்பதும், எழுத்து நிறத்தோடு 16-ஐக் கூட்டி ‘கலர் 30, 1’ என்று கொடுத்தால் மஞ்சள் எழுத்து மின்னுவதும் இதனால்தான். திரையில் வரைவது கணினியின் அட்டை. எழுத்து எண்ணையும் நிற பைட்டையும் பார்த்து, எழுத்தின் கோடுகள் விழும் இடத்தில் ஒரு நிறத்தையும் மற்ற இடத்தில் மற்றதையும் அதுவே போட்டுவிடும். பின்னணிக்கென்று ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருப்பதால் பின்னணியும் கிடைக்கிறது.

ஸ்கிரீன் 12-க்குள் நுழைந்ததும் அந்தக் கட்டங்கள் மறைந்துவிடுகின்றன. இருப்பதெல்லாம் 640-க்கு 480 என 3,07,200 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் நான்கு பிட், அதாவது 0 முதல் 15 வரை ஒரே ஒரு நிற எண். எழுத்துத் திரைக்கு 4000 பைட் போதுமானதாக இருந்தது, இதற்கு 1,53,600 பைட் வேண்டும். ஆனால் இத்தனை இடத்தில் எங்கேயும் ‘இது எழுத்து, இது அதன் பின்னணி’ என்ற குறிப்பு கிடையாது. ஏரிக்கரையின் கோடும் கோட்டைக்குப்பத்தின் முதல் எழுத்தும் அதற்கு ஒன்றேதான்: புள்ளிகள்.

அப்படியானால் ‘பிரிண்ட்’ கட்டளை அங்கே எழுத்தை எப்படிக் காட்டுகிறது? 8 புள்ளி அகலம், 16 புள்ளி உயரம் கொண்ட அச்சு ஒன்று ஒவ்வோர் எழுத்துக்கும் தயாராக இருக்கிறது. அதைப் பார்த்து, கோடு விழும் புள்ளிகளுக்கு நீங்கள் சொன்ன நிறத்தையும், மீதிப் புள்ளிகளுக்கு 0-ஐயும் எழுதிவிடுகிறது. 0 என்றால் வழக்கமாகக் கறுப்பு. ஐபிஎம் கணினியின் பயாஸ், அதாவது திரையையும் விசைப்பலகையையும் இயக்க உள்ளேயே பதிந்து வரும் அடிப்படை நிரல், படத்திரையில் எழுத்து வரைய ஒரே ஒரு நிறத்தைத்தான் கேட்டு வாங்கும். பேசிக்கும் அதே வழக்கத்தில் நின்றது. நான் மேலே சொன்ன முடிவு இதுதான்.

நீங்கள் கண்ட கறுப்புக் கட்டத்துக்கும் விளக்கம் இதில் கிடைத்துவிட்டது. படகில் பதிவு எண் எழுதுகிறவர் முதலில் பட்டையடித்துக் காயவிட்டு அதன்மேல் எழுதுவார், அடியிலுள்ள வண்ணம் அப்படியே நிற்கும். நீங்களும் அதே முறையை எதிர்பார்த்தீர்கள். பிரிண்ட் அப்படி எழுதுவதில்லை. எழுத்தையும் அதைச் சுற்றியுள்ள வெற்றிடத்தையும் சேர்த்தே எழுதுகிறது, அந்த வெற்றிடத்தின் நிறம் 0.

‘கலர்’ கட்டளையின் குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். ஜான் கெமெனியும் தாமஸ் கர்ட்ஸும் 1964-ல் டார்ட்மத் கல்லூரியில் பேசிக்கை உருவாக்கியபோது விடை காகிதத்தில் அடித்து வந்தது, நிறத்துக்கு வேலையே இல்லை. பின்னால் ஒவ்வொரு அட்டையும் வரவர, அதற்கேற்றபடி அந்த ஒரே சொல்லின்மீது வெவ்வேறு பொருளை ஏற்றிக்கொண்டே போனார்கள். எழுத்துத் திரையில் இரண்டாவது எண் எழுத்தின் பின்னணி. ஸ்கிரீன் 1-ல் முதல் எண்ணே பின்னணி. ஸ்கிரீன் 7 முதல் 10 வரை இரண்டாவது எண், ‘0 என்ற நிற எண் இனி எந்த நிறமாகத் தெரிய வேண்டும்’ என்பதைச் சொல்கிறது. திரையில் 0 இருக்கும் இடமெல்லாம் ஒரே நொடியில் மாறிவிடும், உங்கள் வானம் நீலமானது அப்படித்தான். ஸ்கிரீன் 12, 13 இரண்டிலும் இரண்டாவது எண்ணே கிடையாது, கொடுத்தால் பிழை. ஒரே சொல்லுக்கு இத்தனை பொருள் வைத்தது மோசமான வடிவமைப்பு என்றே நான் நினைக்கிறேன். கற்றுக்கொள்கிறவர் தன்மேல்தான் தவறு என்று நினைத்துக்கொள்வார்.

இனி வழி. எழுதிய பிறகு ‘பாயிண்ட்’ கட்டளையால் ஒவ்வொரு புள்ளியாகப் படித்து, 0 இருந்தால் ‘பிசெட்’ கட்டளையால் நீலமாக்குவது ஒரு முறை. வேலை செய்யும், ஆனால் பன்னிரண்டு எழுத்துள்ள ஒரு பெயருக்கே 1536 புள்ளிகளைப் பார்க்க வேண்டும். பழைய கணினியில் பெயர்கள் ஊர்ந்து வருவது கண்ணுக்குத் தெரியும்.

எனக்குப் பிடித்தது எக்ஸார் வழி. எக்ஸார் என்பது இரண்டு எண்களை பிட் பிட்டாக ஒப்பிடும் ஒரு கணக்கு: இரண்டும் ஒன்றாக இருந்தால் 0, வேறாக இருந்தால் 1. மஞ்சளின் எண் 14, பிட்டில் 1110. நீலம் 1, பிட்டில் 0001. இரண்டையும் எக்ஸார் செய்தால் 1111, அதாவது 15, வெள்ளை. இந்த 15-ஐ மறுபடி நீலத்தோடு எக்ஸார் செய்தால் 14 திரும்பி வரும். கறுப்பான 0-ஐ நீலத்தோடு செய்தால் நீலமே வரும். இந்த இரண்டு குணமும் நமக்குப் போதும்.

பெயரை ஆங்கில எழுத்தில் போடுவதாக வைத்துக்கொள்வோம். கோட்டைக்குப்பத்துக்குப் பன்னிரண்டு எழுத்து, எனவே பட்டை 96 புள்ளி அகலம், 16 புள்ளி உயரம். ‘லொக்கேட் 10, 21’ என்று பத்தாம் வரி, இருபத்தோராம் பத்தியில் எழுதப் போகிறீர்கள் என்றால், புள்ளிக் கணக்கில் அது 160, 144-ல் தொடங்கி 255, 159-ல் முடியும். ஒவ்வொரு பத்திக்கும் எட்டு, ஒவ்வொரு வரிக்கும் பதினாறு, எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து. அந்த இடத்தில் ‘லைன்’ கட்டளையின் முடிவில் ‘பிஎஃப்’ சேர்த்து நீலப் பெட்டியை நிரப்புங்கள். அதை ‘கெட்’ கட்டளையால் ஓர் அணியில், அதாவது எண்களை வரிசையாக வைத்துக்கொள்ளும் இடத்தில், எடுத்து வையுங்கள். இதற்கு 772 பைட் ஆகும், 400 முழு எண்களுக்கு இடம் ஒதுக்கினால் தாராளம். பிறகு ‘கலர் 15’ கொடுத்து அதே இடத்தில் பெயரை எழுதுங்கள். பட்டை அழிந்து, கறுப்பில் வெள்ளை எழுத்து நிற்கும். பதற வேண்டாம். எடுத்து வைத்த பெட்டியை ‘புட்’ கட்டளையால் அதே இடத்தில் எக்ஸார் முறையில் போடுங்கள். கறுப்பு நீலமாகும், வெள்ளை மஞ்சளாகும். புட் கட்டளைக்கு முறை எதையும் சொல்லாவிட்டாலும் அது எக்ஸாரே செய்யும்.

சிவப்புப் பட்டையில் வெள்ளை வேண்டுமா? சிவப்பு 4, வெள்ளை 15, இரண்டின் எக்ஸார் 11. எனவே 11-ல் எழுதி 4-ஐப் போடுங்கள். கடைசி வரியில் எழுதும்போது மட்டும் பிரிண்ட் வரியின் முடிவில் அரைப்புள்ளி வைக்க மறக்காதீர்கள். இல்லையென்றால் திரை ஒரு வரி மேலே நகர்ந்து ஏரிப் படமும் கூடவே போய்விடும்.

நீங்கள் கேட்காத ஒன்று: பெயர்களைத் தமிழிலேயே போடலாமே? எட்டுப் புள்ளி அகலத்தில் நம் ‘ணை’யும் ‘ஊ’வும் அடங்காது. எழுத்துத் திரையில் இந்திய மொழிகளைக் காட்டவே சி-டாக் நிறுவனம் ஜிஸ்ட் என்று தனி அட்டை செய்து விற்றது. அது இல்லாதவர்களுக்கு வழி, எழுத்துகளைப் புள்ளிகளாகத் தாங்களே வரைந்துகொள்வது. கட்டம் போட்ட தாளில் ‘ழ’வை எழுதி, கோடு விழும் கட்டங்களை 1 என்றும் மற்றவற்றை 0 என்றும் ‘டேட்டா’ வரிகளில் சேமித்து, 1 இருக்கும் இடத்தில் மட்டும் பிசெட் செய்யுங்கள். 0 இருக்கும் இடத்தை உங்கள் நிரல் தொடுவதே இல்லை, ஆகவே அடியிலுள்ள பட்டை பட்டையாகவே நிற்கும். எக்ஸாரும் வேண்டாம், கெட்டும் புட்டும் வேண்டாம். உழைப்பு அதிகம்தான், ஆனால் சில குப்பங்களின் பெயர்களுக்கு இருபது முப்பது எழுத்துகளே தேவைப்படும். ஏரிக்கரையில் இருப்பவர்கள் படிக்கப்போகும் படம் என்றால் நான் இதைத்தான் செய்வேன்.

பிறகொரு நாள் உங்கள் நிரலைப் புதிய கணினிக்குக் கொண்டுபோக நினைத்தால் கியூபி64 என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அதில் ஸ்கிரீன் 12-லும் ‘கலர் 14, 1’ பிழையில்லாமல் ஓடும், நீலப் பட்டை தானாக வரும். அப்படி எழுதிய நிரல் உங்கள் டாஸ் கணினியில் மறுபடி நின்றுவிடும். எக்ஸார் வழியும் பிசெட் வழியும் இரண்டிலும் ஓடும், அந்த இரண்டில் ஒன்றிலேயே எழுதி வையுங்கள்.