தங்க பஸ்பம் புற்றுநோயைக் குணமாக்குமா?

கேள்வி: அம்மாவுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். கதிர்வீச்சு நடக்கிறது. தங்கத்தில் செய்த மருந்து புற்றுநோயையும் கிருமிகளையும் கொல்வதாகச் செய்தியில் படித்தேன். தெரிந்தவர் ஒருவர், கதிர்வீச்சை நிறுத்திவிட்டுத் தங்க பஸ்பம் கொடுக்கச் சொல்கிறார். கொடுக்கலாமா?
– வாசகி, திருக்கழுக்குன்றம்

பதில்: கதிர்வீச்சை நிறுத்தாதீர்கள். இந்தப் புற்றுநோய்க்கு அது எட்டு வாரத்துக்குள் முடிய வேண்டும். இழுத்தடித்தால் பலன் குறையும்.

நீங்கள் படித்தது பொய்யில்லை. ஆரனோஃபின் என்ற தங்க மருந்து 1985-ல் அமெரிக்காவில் முடக்குவாதத்துக்காக அனுமதி பெற்றது. தாலிச் சங்கிலியில் உள்ள தங்கம் லேசில் எதனோடும் சேராது. இந்த மருந்திலோ தங்க அணு கந்தகத்தோடும் பாஸ்பரஸோடும் பிணைந்திருக்கிறது. உடலுக்குள் போனதும் அது தயோரெடாக்சின் ரிடக்டேஸ் என்ற நொதியைப் பற்றி முடக்கிவிடும். பல புற்றுச் செல்கள் பிழைத்திருப்பதே அந்த நொதியின் தயவில்தான். சீதபேதி அமீபாவும் சில பாக்டீரியாக்களும் ஆய்வகத்தில் இதற்குச் சாகின்றன.

ஆய்வகத்தில்! நோயாளியின் உடலில் அப்படி நடக்குமா என்பது வேறு கேள்வி. காசநோய்க் கிருமியைத் தங்க சயனைடு தடுப்பதை விஞ்ஞானி ராபர்ட் கோக் 1890-லேயே கண்டார். 1920-களில் சானோகிரைசின் என்ற தங்க ஊசியை ஐரோப்பாவில் காசநோயாளிகளுக்குத் தாராளமாகப் போட்டார்கள். கடைசியில் டெட்ராய்ட் மருத்துவர்கள் நாணயத்தைச் சுண்டிப் பார்த்து, 12 பேருக்குத் தங்கமும் 12 பேருக்குக் காய்ச்சி வடித்த நீரும் ஏற்றினார்கள். யாருக்கு எது என்று நோயாளிகளுக்குத் தெரியாது. 1931-ல் முடிவு வந்தது: தங்கத்தால் பலனில்லை, உடம்புக்குக் கேடுதான் மிச்சம். எனக்குப் பிடித்த மருத்துவச் சோதனைகளில் அது ஒன்று.

நம்பிக்கை வேறு, சோதனை முடிவு வேறு என்பதற்கு உங்கள் பக்கத்துக் கதையும் இருக்கிறது. அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968-ல் தொடங்கிய பெரிய பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வுதான், பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அந்தத் தடுப்பூசி தடுக்கவில்லை என்று காட்டியது. உலகமே நம்பிய ஊசி அது.

ஆரனோஃபினுக்கு எந்தப் புற்றுநோய்க்கும் இன்னும் அனுமதி இல்லை. முடக்குவாத மூட்டுவலிக்குக் கொடுக்கும்போதே வயிற்றுப்போக்கு வரலாம், சிறுநீரில் புரதம் போகலாம். சித்த மருந்தான தங்க பஸ்பம் வேறு பொருள்; ஆரனோஃபின் செய்தியை அதற்குச் சாட்சியாகக் காட்டுவது சரியில்லை. சித்த மருத்துவ ஆலோசனை வேண்டுமென்றால் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. சிகிச்சைச் சீட்டுகளோடு அங்கே கேளுங்கள். பஸ்பம் ஏற்கெனவே கொடுத்திருந்தால், அந்தப் பொட்டலத்தை எடுத்துப்போய்க் கதிர்வீச்சு மருத்துவரிடம் காட்டுங்கள். திட்டுவார் என்று பயந்து மறைக்க வேண்டாம்.