பிங் போகிறது, நெய்பர் ஏறவில்லை

"பிங் போகுதே, அப்புறம் ஏன் ஓஎஸ்பிஎஃப் நெய்பர் ஏறல?" ரவுட்டர்கள் ரூட்டுகளைப் பகிர்ந்துகொள்ள உதவும் புரோட்டோகாலான ஓஎஸ்பிஎஃப் பற்றி டேட்டா சென்டர்களில் அடிக்கடி எழும் கேள்வி இது. ஒருபுறம் ரேக்கில் பொருத்திய ஸ்விட்ச். மறுபுறம் சர்வருக்குள் மென்பொருளாக ஓடும் மெய்நிகர் ரவுட்டர், அதற்கு வாசலாக ஒரு மெய்நிகர் ஸ்விட்ச் (விஸ்விட்ச்). நடுவே பிங் ஓடிவிட்டால் பாதை முழுக்கச் சரி என்று பலரும் நம்பிவிடுகிறார்கள்.

பிங் காட்டுவது மிகக் கொஞ்சம். அது சிறிய பாக்கெட், ஒரே முகவரிக்குப் போவது. நெய்பரைத் தேடும் ஓஎஸ்பிஎஃப்பின் ஹலோ பாக்கெட்டோ 224.0.0.5 என்ற மல்டிகாஸ்ட் முகவரிக்குப் போகிறது. டிசிபி, யுடிபி எதிலும் ஏறாமல் 89ஆம் எண் புரோட்டோகாலாக நேரே ஐபி-யில் பயணிக்கிறது. பிங்கை விடும் ஃபயர்வால் இதை மறிக்கலாம். ஹலோ வந்து சேர்ந்தாலும் ஏரியா எண், சப்நெட் மாஸ்க், ஹலோ, டெட் நேர அளவுகள் ஒத்துப்போக வேண்டும். ஒரு முனையில் 10, 40 விநாடி, மறுமுனையில் 30, 120 என்றிருந்தால் அந்த ஹலோவே நிராகரிக்கப்படும்.

ஹலோ சரியாகப் போய்வந்தும் எக்ஸ்ஸ்டார்ட் அல்லது எக்ஸ்சேஞ்ச் நிலையில் நெய்பர் நின்றுவிட்டால் முதலில் எம்டியு-வை, அதாவது துண்டாக்காமல் அனுப்பக்கூடிய பாக்கெட்டின் உச்ச அளவை, பார்க்க வேண்டும். டேட்டாபேஸ் விவரப் பாக்கெட்டில் ஒவ்வொரு ரவுட்டரும் தன் எம்டியு-வை எழுதி அனுப்பும். தன்னால் ஏற்க முடிந்ததைவிடப் பெரிய எண் வந்தால், பெறும் ரவுட்டர் அந்தப் பாக்கெட்டைத் தள்ளிவிடும். ஸ்விட்ச் பக்கம் 9000, மெய்நிகர் ரவுட்டர் பக்கம் 1500 என்றிருந்தால் நடப்பது இதுதான்.

இதற்கு மருந்தாக எம்டியு-வைப் பொருட்படுத்தாதே என்ற கட்டளையைச் சொல்லித் தருகிறார்கள். அது தவறான வைத்தியம். எம்டியு சோதனை மட்டுமே நின்றுபோகும், பாதை அகலமாகாது. நெய்பர் இறுதி நிலையான ஃபுல்லை எட்டிவிடும். பிறகு பெரிய பாக்கெட் வரும்போது அது வழியிலேயே தொலையும். பழி அப்போது அப்ளிகேஷன் மேல் விழும்.

இன்னும் நுட்பமான ஒன்று உண்டு. இரு முனைகளிலும் 9000 வைத்துவிட்டு நடுவில் இருக்கும் விஸ்விட்சை மறந்துவிடுவார்கள். விஎம்வேரில் அதன் இயல்பு அளவு 1500. ரூட்டுகள் குறைவாக உள்ளவரை பாக்கெட்டும் சிறிதாக இருப்பதால் நெய்பர் ஒழுங்காக ஏறும். நெட்வொர்க் வளர்ந்தபின் ஒருநாள் லிங்க் விழுந்து எழுந்தால், அதே நெய்பர் எக்ஸ்சேஞ்சைத் தாண்டாது. யாரும் எதையும் மாற்றியிருக்கமாட்டார்கள்! பாக்கெட்டைத் துண்டாக்காதே என்ற கொடியோடு 8972 பைட் பிங் அனுப்பினால் உண்மை உடனே தெரியும்: 9000-இல் ஐபி தலைப்புக்கு 20, ஐசிஎம்பி-க்கு 8 போக மிஞ்சுவது அதுதான்.

மெய்நிகர் ரவுட்டரை குளோன் செய்தால் வேலை மிச்சம் என்பதும் பாதி உண்மைதான். ரவுட்டர் ஐடியும் சேர்ந்தே குளோன் ஆகிவிடுகிறது. ஒரே ஐடி கொண்ட இரண்டு ரவுட்டர்கள் அருகருகே இருந்தால் நெய்பர் ஆகமாட்டா. ஒரே ஏரியாவில் தள்ளியிருந்தால் இன்னும் மோசம்: ரூட்டுகள் வந்துவந்து மறையும்.

ஃபுல் இல்லையென்றால் கோளாறு என்ற எண்ணமும் சரியல்ல. பல ரவுட்டர்கள் ஒரே விலானில் இருக்கும்போது தேர்ந்தெடுக்கப்பட்ட தலைமை ரவுட்டர் (டிஆர்), அதன் மாற்று (பிடிஆர்) இரண்டோடு மட்டுமே மற்றவை ஃபுல் ஆகும். தங்களுக்குள் டூ-வே நிலையில் நிற்பதே வடிவமைப்பு. அதைக் கோளாறாக எண்ணி ஓஎஸ்பிஎஃப் புராசஸை ரீசெட் செய்தால், நன்றாக இருந்த ஃபுல் நெய்பர்களும் சேர்ந்து விழும்.