ஊசி வலியைக் குழந்தை மறந்துவிடுமா?

கேள்வி: ஊசி குத்தினால் குழந்தை அழும், பிறகு மறந்துவிடும். இதற்குப் போய் மரப்புக் களிம்பெல்லாம் தேவையா?

பதில்: அழுவது இயல்பு, மறந்துவிடும் என்பதுதான் தவறு. 1997இல் வெளியான கனடா ஆய்வில், மரப்பு மருந்தில்லாமல் முன்தோல் நீக்கப்பட்ட குழந்தைகள், மாதங்கள் கழித்துத் தடுப்பூசி போட்டபோது, முன்தோல் நீக்கப்படாத குழந்தைகளைவிட அதிக நேரம் அழுதார்கள். கூட்டமான வார்டில் வலியைக் குறைக்கவெல்லாம் நேரம் ஏது என்பார்கள். களிம்பு வேலைசெய்ய சுமார் ஒரு மணி நேரமாகும், உண்மைதான். ஆனால் தடுப்பூசி வலியைக் குறைக்க உலக சுகாதார நிறுவனம் 2015இல் பரிந்துரைத்தவற்றில் பல காசு கேட்காதவை: பால் கொடுத்தபடியே போடுவது, மடியில் அணைத்துக்கொள்வது, அதிகம் வலிக்கும் ஊசியைக் கடைசியில் போடுவது. நாலு பேர் அமுக்கிப் பிடிப்பதற்கும்தானே நேரமாகிறது? “வலிக்கவே வலிக்காது” என்ற பொய்யும் வேண்டாம். அடுத்த முறை பிள்ளை நம்பாது. அவசரமில்லாத ரத்தப் பரிசோதனையென்றால், களிம்பு பூசச் சொல்லி முன்கூட்டியே கேளுங்கள்.