ஓசு பாடல் தொகுப்புகள் கலையாமல் இருக்க

2007-இல் வந்த 'ஓசு' தாள விளையாட்டை ஆடுபவர்களிடம் பாடல்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்துவிடும். அவற்றை வகைபிரித்து அடுக்க, ரசிகர்கள் உருவாக்கிய இலவச மென்பொருளான 'கலெக்ஷன் மேனேஜர்' நன்றாகக் கைகொடுக்கிறது. தொகுப்புகளை இணைக்கலாம், பெயர் மாற்றலாம், நண்பருக்கும் அனுப்பலாம்.

விளையாட்டை முழுவதும் மூடிய பிறகே இதில் சேமியுங்கள். திறந்திருந்தால், மூடும்போது விளையாட்டு தன் பழைய பட்டியலையே மறுபடி எழுதிவிடும். மணிக்கணக்கில் அடுக்கியது வீணாகும்.

பழைய 'ஸ்டேபிள்' பதிப்பில் இந்தப் பட்டியல் 'கலெக்ஷன் டாட் டிபி' என்ற சிறிய கோப்பில் இருக்கிறது. பாடல்கள் அதில் இல்லை, அவை 'சாங்ஸ்' கோப்புறையில் உள்ளன. மதிப்பெண்களுக்கு 'ஸ்கோர்ஸ் டாட் டிபி'. கணினி மாற்றும் முன் மூன்றையும் பென் டிரைவில் நகலெடுத்து வையுங்கள்.