ஒளிப்படம் ஏன் கலங்குகிறது?



சென்ற ஆண்டு நம் பள்ளி விழா முடிந்த மறுவாரம் ஒரு தந்தையார் தாம் புதிதாக வாங்கிய டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். கமராவுடன் என்னிடம் வந்தார். மகளின் முதல் நடனத்தை ஊரிலுள்ள அம்மம்மாவுக்கு அனுப்புவதற்கென எடுத்த நாற்பது படங்களில் ஒன்றிலேனும் பிள்ளையின் முகம் தெளிவாக இல்லை. "கமரா பழுதோ, மாஸ்டர்?" என்று கேட்டார். கமராவில் பழுது எதுவும் இல்லை.

படம் கலங்குவதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்களே உண்டு. எடுப்பவரின் கை அசைதல், எடுக்கப்படுபவர் அசைதல், குவியம் தவறுதல் என்பனவே அவை. நோயை அறியாது மருந்து கொடுத்தலாகாது. ஆதலின் முதலில் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். படம் முழுவதும் ஒரே திசையில் இழுபட்டிருப்பின் அசைந்தது கை. பின்திரை தெளிவாக இருக்கப் பிள்ளை மட்டும் இழுபட்டிருப்பின் அசைந்தது பிள்ளை. அசையாது நின்ற பிள்ளையின் முகம் மங்கி, முன்னாலுள்ள குத்துவிளக்கோ பின்னாலுள்ள திரையோ தெளிவாகத் தெரியின் தவறியது குவியம்.

1. கை அசைதல்

ஷட்டர் திறந்திருக்கும் நேரத்திலேயே ஒளி உட்புகுந்து படத்தை ஆக்குகிறது. அந்நேரம் நீளுமாயின் கைநடுக்கமும் படத்திற் பதிந்துவிடும். வில்லையின் குவியத்தூரம் 50 மில்லிமீற்றர் எனில், ஷட்டர் நேரம் 1/50 செக்கனுக்கு மேற்படலாகாது என்பது பழைய விதி. தொடக்கநிலைக் கமராக்கள் பலவற்றில் ஒளியுணரி 35 மி.மீ. படச்சுருளின் சட்டத்திலும் சிறியது. ஆகையால் குவியத்தூரத்தை 1.5 ஆற் பெருக்கிக்கொள்ளுங்கள். 200 மி.மீ. வில்லைக்கு 1/300 செக்கன் வரும். கமராவில் 1/320 ஐத் தெரிவு செய்யலாம். இடது உள்ளங்கையால் வில்லையைக் கீழிருந்து தாங்கி, முழங்கைகளை விலாவோடு சேர்த்து, மூச்சை மெல்ல விட்டபடி பொத்தானை மென்மையாக அழுத்துங்கள்.

2. எடுக்கப்படுபவர் அசைதல்

1838 ஆம் ஆண்டு தாகேர் என்பவர் பாரிஸ் நகரத் தெருவொன்றைப் படம் பிடித்தார். மக்களும் வண்டிகளும் நிறைந்த தெரு அது. எனினும் ஒளி பதியப் பல நிமிடங்கள் சென்றமையால், நடமாடிய எவரும் படத்திற் பதியவில்லை. சப்பாத்துத் துடைப்பதற்காக ஓரிடத்தில் நின்ற ஒருவரின் உருவம் பதிந்தது. நம் மேடையில் நிகழ்வதும் இதன் சிறிய வடிவமே.

தந்தையாரின் கமரா தானாகவே 1/30 செக்கனைத் தெரிவு செய்திருந்தது. நடனத்திற்கு 1/250 செக்கனேனும் வேண்டும். அப்போது ஒளி ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காகக் குறையும். அதனை ஈடுசெய்ய ஒளித்துவாரத்தை இயன்றவரை அகலத் திறவுங்கள்; அதற்குமேல் திறக்க இயலாதெனின் ஐ.எஸ்.ஓ. எண்ணை 400 இலிருந்து 3200 ஆக உயர்த்துங்கள். படத்தில் சிறு புள்ளிகள் தோன்றக்கூடும். புள்ளியற்ற கலங்கிய முகத்தினும் புள்ளியுள்ள தெளிந்த முகம் மேலானது. வில்லையிலுள்ள அதிர்வுதடுப்பு கைநடுக்கத்தைக் குறைக்குமேயன்றி, ஆடும் பிள்ளையை நிறுத்தாது. அடவு முடிந்து பிள்ளை ஒரு நிலையில் நிற்கும் கணத்தைக் காத்திருந்து எடுப்பதும் நன்று.

3. குவியம் தவறுதல்

குவியப்புள்ளிகள் யாவற்றையும் கமராவின் விருப்பத்திற்கு விட்டால், அது பெரும்பாலும் அண்மையிலுள்ள பொருளையே பற்றிக்கொள்ளும். ஆகவே ஒரு புள்ளியை மட்டும் தெரிவு செய்து, அதனைப் பிள்ளையின் கண்ணில் வையுங்கள். பொத்தானைப் பாதி அழுத்திக் குவியம் பிடித்தபின் முழுதும் அழுத்துங்கள். ஆடும் பிள்ளைக்குத் தொடர்குவிய முறையே ஏற்றது. எடுத்த படம் தெளிவாக இருந்தும் கமராவின் கண்ணறை மங்கலாகத் தெரிந்தால், அதன் அருகிலுள்ள சிறு சக்கரத்தைத் திருப்பி உங்கள் பார்வைக்கு ஏற்பச் சரிசெய்யுங்கள்.

அந்தப் பிள்ளை மீண்டும் ஆடுவாள். தந்தையார் மீண்டும் எடுப்பார். ஆனால் எல்லாப் படங்களுக்கும் இரண்டாம் வாய்ப்புக் கிடைப்பதில்லை. இடப்பெயர்வில் வீட்டோடு அல்பங்களையும் இழந்த குடும்பங்கள் நம்மிடையே உண்டு. என்னிடம் எஞ்சியிருப்பது என் தாயாரின் படம் ஒன்றே. அதில் முற்றத்து வேலி தெளிவாக இருக்கிறது. யாரோ அழைக்கத் திரும்பிய அவரது முகம் கலங்கியிருக்கிறது. எக்காரணத்தால் என்பதை இப்பாடத்தைப் படித்த மாணவர் உடனே கூறிவிடுவர். திருத்தத்தான் எவராலும் இயலாது.

ஆகவே, மாணவர்களே, இன்று விழா தொடங்குமுன் மண்டபத்தின் வெளிச்சத்திலேயே இரண்டு படங்கள் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். காரணத்தைக் கண்டறிந்து திருத்துங்கள். பின்பு மேடையை மட்டுமன்றி, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் உங்கள் தாத்தா, அம்மம்மா, அப்பம்மா ஆகியோரின் முகங்களையும் தெளிவாக எடுத்து வையுங்கள்.